இயர்பட்ஸில் சார்ஜ் ஏறுகிறதா, இல்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

"ராத்திரி முழுக்க கேஸில்தான் இருந்தது. காலையில் காதில் மாட்டினால் ஒரு பக்கம் சத்தமே இல்லை." இயர்பட்ஸ் வைத்திருக்கும் பலரிடமும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். அடுத்த பேச்சு பெரும்பாலும் "புதுசு வாங்கிடலாம்" என்பதாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். பத்து நிமிடச் சுத்தம் செய்தலிலோ, கேபிளை மாற்றுவதிலோ சரியாகிவிடக்கூடிய இயர்பட்ஸ் எத்தனையோ வீடுகளில் மேஜை டிராயருக்குள் கிடக்கின்றன.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு ஜோடி இயர்பட்ஸில் மூன்று பேட்டரிகள் உண்டு. இடதில் ஒன்று, வலதில் ஒன்று, கேஸில் ஒன்று. இயர்பட்டுக்குள் இருப்பதன் கொள்ளளவு பொதுவாக 30 முதல் 60 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதைச் சொல்லும் அளவு). கேஸில் இருப்பது பெரும்பாலும் 300 முதல் 500 எம்ஏஎச். சுவரிலிருந்து கேஸுக்கு மின்சாரம் வருவது ஒரு வழி, கேஸிலிருந்து இயர்பட்டுக்குப் போவது வேறொரு வழி. ஒன்று நன்றாக இருக்கும்போதே இன்னொன்று அடைபட்டிருக்கலாம். ஆகவே "சார்ஜ் ஏறவில்லை" என்று முடிவுகட்டும் முன், மூன்றில் எது ஏறவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வேலை: உண்மையிலேயே ஏறவில்லையா?

பலரும் லைட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். லைட்டைவிட நம்பகமான சாட்சி ப்ளூடூத்.

இரண்டு இயர்பட்டையும் போனில் இணைத்து ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள். அப்புறம் இரண்டையும் கேஸில் வைத்து மூடியை மூடுங்கள். சில நொடிகளில் போனில் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. கேஸுக்குள் உட்கார்ந்ததும் இயர்பட்டின் உலோகப் புள்ளிகளில் மின்னழுத்தம் வந்து சேரும். பெரும்பாலான மாடல்களில் அது 5 வோல்ட் அளவில் இருக்கும். அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் சிப், 'கேஸுக்குள் வந்துவிட்டோம்' என்று தெரிந்துகொண்டு ப்ளூடூத்தை நிறுத்துகிறது. சில மாடல்கள் மூடியில் உள்ள காந்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால் மூடியை மூடிவிட்டே பாருங்கள். மூடி திறந்திருந்தால் போனில் தெரிவது ஏர்பாட்ஸ் போன்றவற்றில் இயல்புதான்.

மூடிய பிறகும் போனில் 'இணைக்கப்பட்டுள்ளது' என்றே இருந்தால், இயர்பட்டுக்கும் கேஸுக்கும் தொடர்பு ஏற்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இயர்பட், கேஸுக்குள் இருந்துகொண்டே ராத்திரி முழுக்கத் தன் சார்ஜைத் தின்றுகொண்டிருக்கும். 'வைக்கும்போது 60 சதவீதம் இருந்தது, எடுக்கும்போது செத்துவிட்டது' என்ற மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

இணைப்பு துண்டிக்கப்பட்டால் தொடர்பு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பேட்டரி நிரம்புகிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு இயர்பட்ஸை 30, 40 சதவீதம் வரும்வரை ஓடவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, கேஸில் 20 நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். காலியான இயர்பட் முழுதாக நிரம்ப ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிடிப்பது வழக்கம். அதனால் 20 நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஏறியிருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பல இயர்பட்ஸ் தங்கள் சார்ஜ் அளவை 0 முதல் 9 வரையிலான பத்துப் படிகளாகத்தான் போனுக்குச் சொல்கின்றன. போன் அதைப் பத்துப் பத்தாகக் காட்டும். 70 என்பது 80 ஆகும்வரை திரையில் எதுவும் மாறாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணைக் காட்டும் மாடல்களும் உண்டு. அவற்றில் இடதையும் வலதையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு போனோடு சட்டென்று இணைய உதவும் கூகுள் ஃபாஸ்ட் பேர் வசதி உள்ளவை, ஐபோனோடு ஏர்பாட்ஸ், சாம்சங்கின் கேலக்ஸி வேரபிள் செயலியில் கேலக்ஸி பட்ஸ் ஆகியவற்றில் இடது, வலது, கேஸ் என்று தனித்தனியே பார்க்கலாம்.

லைட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏர்பாட்ஸ் கேஸில் ஒரே லைட்தான். உள்ளே இயர்பட்ஸ் இருக்கும்போது மூடியைத் திறந்தால் அது இயர்பட்ஸின் நிலையைக் காட்டும், இயர்பட்ஸை எடுத்துவிட்டால் கேஸின் நிலையைக் காட்டும். பச்சை என்றால் நிறைந்திருக்கிறது, ஆரஞ்சு என்றால் குறைவாக இருக்கிறது. பல கேலக்ஸி பட்ஸ் மாடல்களில் வெளிப்புற லைட் கேஸுக்கு, உட்புற லைட் இயர்பட்ஸுக்கு. வரிசையாக நான்கு புள்ளிகளோ, பெரிய எண்ணோ காட்டும் விலை குறைந்த மாடல்களில் அது பெரும்பாலும் கேஸின் சார்ஜ் மட்டுமே. மேலே 100 என்று ஒளிர்வதைப் பார்த்து இயர்பட்ஸும் நிறைந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் ஏறவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான். வீட்டிலேயே சரிசெய்ய அதிக வாய்ப்பு உள்ளதும் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புதிதாக வாங்கியது என்றால், இயர்பட்டின் உலோகப் புள்ளிகள் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு வரும் வழியில் சார்ஜ் இறங்காமல் இருக்க ஒட்டியது அது. நிறமே இல்லாத ஸ்டிக்கராகவும் இருக்கலாம். நகத்தால் ஓரத்தை நெருடினால் தெரியும்.

பழையது என்றால், இயர்பட்டை கேஸில் வைத்து விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது லைட் வந்து, விட்டதும் போனால், கோளாறு தொடர்பில்தான். பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். ரப்பர் முனையை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தடிமனான ஃபோம் முனை போட்டிருந்தால் இயர்பட் முழுதாக உள்ளே இறங்காது. காந்தம் இழுப்பது போல இருக்கும், ஆனால் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். முனையைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து கேஸின் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கி ஒரு படம் எடுங்கள். குழியின் அடியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய தங்க நிறப் பின்கள் தெரியும். செல்போன் ரிப்பேர் கடைகளில் இவற்றைப் போகோ பின் என்பார்கள். உள்ளே ஸ்ப்ரிங் இருக்கும். நல்ல பின் பளிச்சென்று இருக்கும். கெட்டுப்போன பின் மீது மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு மெழுகுப் படலம் இருக்கும், அது காதுக் குறும்பியும் தோல் எண்ணெயும் சேர்ந்தது. சில சமயம் பின்னின் அடியைச் சுற்றி மோதிரம் போலப் பச்சையாக ஏதோ பூத்திருக்கும். பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே களிம்புதான் அது.

களிம்பு ஏன் பிடிக்கிறது? நடைப்பயிற்சியோ ஜிம்மோ முடித்து, வேர்வையோடு இயர்பட்டை அப்படியே கேஸில் வைத்து மூடுகிறோம். வேர்வை உப்புத் தண்ணீர். பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே மின்னழுத்தமும் இருப்பதால் அங்கே மின்பகுப்பு நடந்து உலோகம் அரிக்கப்படுகிறது. மேலே உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது ஒரு இடத்தில் தேய்ந்துவிட்டால் அடியில் உள்ள உலோகம் வேகமாக அரிபடும். பெட்டியில் 'ஐபிஎக்ஸ்4', 'ஐபிஎக்ஸ்5' என்று போட்டிருக்கும் தண்ணீர்த் தாங்குதிறன் பெரும்பாலும் இயர்பட்டுக்கு மட்டும்தான், கேஸுக்கு அல்ல. சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக் காற்று வீசும் ஊர்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கேஸில் வைக்கும் முன் உலர்ந்த துணியில் ஒரு முறை துடைப்பது, இயர்பட்ஸுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

சுத்தம் செய்யும் முறை இது. மருந்துக் கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்குங்கள். 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். கேஸை கேபிளிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பஞ்சுக் குச்சியில் சொட்டாத அளவுக்கு நனைத்து, முதலில் இயர்பட்டின் உலோகப் புள்ளிகளைத் துடையுங்கள், பிறகு கேஸின் பின்களை. பஞ்சு நுழையாத மூலைக்கு மரப் பல்குச்சியின் முனையில் துளி பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள். பஞ்சில் பழுப்போ பச்சையோ வருவது நின்றதும் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் திறந்தபடி காயவிடுங்கள்.

காய்ந்த பிறகு அதே பல்குச்சியால் ஒவ்வொரு பின்னையும் மெதுவாக அழுத்தி விடுங்கள். எல்லாம் ஒரே உயரத்துக்குத் துள்ளி வர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளேயே தங்கிவிட்டால் ஸ்ப்ரிங் அழுக்கில் சிக்கியிருக்கிறது. பின்னின் ஓரத்தில் ஒரு துளி ஆல்கஹால் வைத்து, நாலைந்து முறை அழுத்தி அழுத்தி விட்டால் பல நேரம் விடுபட்டுவிடும். நன்றாக வேலை செய்யும் பக்கத்துக் குழியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஊசி, பிளேடு வேண்டாம், பின் வளைந்தால் நிமிர்த்த முடியாது. உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். சானிடைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் பிசுக்காகப் படியும். தின்னரும் பெட்ரோலும் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் ரீசெட் செய்து பாருங்கள். சிப் எப்போதாவது சிக்கிக்கொண்டு, மின்சாரம் வந்தும் அதைக் கவனிக்காமல் கிடக்கும். கேலக்ஸி பட்ஸை கேஸில் வைத்து மூடி 7 நொடிக்கு மேல் காத்திருந்து எடுத்தால் மறுபடி தொடங்கும். பின்புறம் பொத்தான் உள்ள ஏர்பாட்ஸ் கேஸில், போனில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, பொத்தானை 15 நொடி அளவுக்கு அழுத்திப் பிடிக்க வேண்டும். லைட் ஆரஞ்சாக மினுக்கி, வெள்ளைக்கு மாறும். மற்றவற்றுக்குக் கூடவே வந்த சின்னத் தாளில் முறை இருக்கும்.

இன்னொன்று. இடது 60, வலது 80 என்று இருப்பது கோளாறு அல்ல. பேசும்போது மைக் ஓடும் பக்கம் சீக்கிரம் இறங்கும். முழு சார்ஜுக்குப் பிறகும் ஒரு பக்கம் மிகவும் பின்தங்கினால் மட்டும் கவலைப்படுங்கள்.

கேஸே சார்ஜ் ஏற்கவில்லை

கேபிள் போட்டால் லைட் வரவில்லை. முதலில் வேறு கேபிள், அப்புறம் வேறு அடாப்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

இங்கே பலரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளை, புது போனின் டைப்-சி அடாப்டரில் போட்டால் சில கேஸ்கள் அசையாது. பழைய அகல யூஎஸ்பி அடாப்டரில், கூடவே வந்த குட்டை கேபிளைப் போட்டால் உடனே ஏறும். கேஸும் நல்லது, சார்ஜரும் நல்லது, பிறகு என்ன? டைப்-சி சார்ஜர் சும்மா மின்சாரத்தைத் திறந்துவிடாது. மறுமுனையில் ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியான பிறகே 5 வோல்ட்டைக் கொடுக்கும். அந்த அடையாளத்தைக் காட்ட, சாதனத்தின் சாக்கெட்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (சிறிய மின்தடைகள்) இருக்க வேண்டும். விலையைக் குறைக்கும் சில தயாரிப்பாளர்கள் சில பைசா மதிப்புள்ள அந்த ரெசிஸ்டர்களைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பழைய அகல யூஎஸ்பியில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கேஸ் இப்படிப்பட்டது என்றால் அகல யூஎஸ்பியிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரை இப்படித் தவிக்கவிடுவது நியாயமே இல்லை.

65 வாட் சார்ஜரில் போட்டால் கேஸ் எரிந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தரமான சார்ஜர் என்றால் எரியாது. சாதனம் கேட்காமல் சார்ஜர் 5 வோல்ட்டுக்கு மேல் போகாது, கரண்ட்டும் கேஸ் இழுக்கும் அளவே போகும்.

பவர் பேங்கில் போட்டால் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? கேஸ் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிடும். சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் சிறிய சாதனங்களுக்கான முறைக்கு மாறும்.

சாக்கெட்டுக்குள்ளும் பாருங்கள். சட்டைப் பையில் வைக்கும் கேஸில் துணிப் பஞ்சு அடைந்து, கேபிள் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். மரப் பல்குச்சியால் ஓரமாக நெம்பி எடுக்கலாம், நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கைத் தொடாமல். வயர்லெஸ் சார்ஜரில் வைப்பவர்கள் கேஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பாருங்கள், மேலே போட்ட தடிமனான உறையைக் கழற்றிவிட்டும் பாருங்கள்.

இந்த மாதிரி சந்தேகம் அடிக்கடி வருகிறது என்றால் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். காலியான கேஸ் 0.2 முதல் 0.5 ஆம்பியர் வரை இழுத்தால் ஏறுகிறது என்று அர்த்தம். காலியாக இருந்தும் 0.00 என்றே நின்றால் கேஸுக்குள் எதுவும் போகவில்லை.

பல மாதம் எடுக்காமல் வைத்திருந்தது, இப்போது எந்த அசைவும் இல்லை

லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். மின்னழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிடும். அந்த நிலையில் சார்ஜர் சிப் முதலில் மிகச் சிறிய கரண்ட்டைத்தான் உள்ளே அனுப்பும், அதுவரை லைட்கூட வராமல் இருக்கலாம். ஆகவே இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பிடுங்காதீர்கள். நல்ல கேபிளில் போட்டு, கண்ணில் படும் இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். கேஸ் உயிர் பெற்ற பிறகு இயர்பட்ஸுக்கு இன்னொரு மணி நேரம். அதற்கும் அசையவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது. இனிமேல் நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள்.

கேபிளில் இருக்கும்போது மட்டும் இயர்பட்ஸ் ஏறுகிறது

கேஸின் பேட்டரி செத்துவிட்டது. கேபிள் வழியே வரும் மின்சாரம் நேராக இயர்பட்ஸுக்குப் போவதால் அப்போது மட்டும் ஏறுகிறது. பிடுங்கியதும் பின்களில் மின்னழுத்தம் போய், இயர்பட்ஸ் கேஸுக்குள்ளேயே உயிர்த்தெழுந்து போனோடு இணைந்துகொள்ளும். நிறைய இயர்பட்ஸுக்குத் தனியாக கேஸ் கிடைக்கும். மாடல் எண் சரியாகப் பொருந்த வேண்டும்.

100 காட்டுகிறது, 20 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

சார்ஜ் ஏறுகிறது, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. பெரும்பாலான இயர்பட்ஸ் மின்னழுத்தத்தைப் பார்த்தே சதவீதத்தைக் கணிக்கின்றன. கிழடுதட்டிய பேட்டரி சீக்கிரமே 4.2 வோல்ட்டை எட்டி 'நிறைந்துவிட்டேன்' என்று காட்டும், பாட்டு ஓட ஆரம்பித்ததும் சடசடவென இறங்கும். இந்த வகைப் பேட்டரிகள் 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு தளரத் தொடங்குவது இயல்பு. தினமும் பயன்படுத்துபவருக்கு இரண்டு வருடத்தில் இந்த நிலை வருவதில் ஆச்சரியம் இல்லை. இதற்குச் சுத்தம் செய்வதும் ரீசெட்டும் உதவாது. பேட்டரியை மாற்றித் தரும் கடைகள் உண்டு, ஆனால் இயர்பட்டின் வெளி ஓட்டைப் பிரித்து ஒட்டிய பிறகு தண்ணீர்த் தாங்குதிறன் பழையபடி இருக்காது.

80-இல் நின்றுவிடுகிறது

புதிய ஏர்பாட்ஸ் மாடல்களில் பேட்டரியின் ஆயுளைக் காக்க, சில நேரம் 80 சதவீதத்தோடு நிறுத்திவைத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் நேரத்துக்கு முன் மீதியை ஏற்றும் ஏற்பாடு இருக்கிறது. ப்ளூடூத் அமைப்புகளில் அதை நிறுத்தலாம். அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

சூடாக இருக்கிறது, மூடி சரியாக மூடவில்லை

சார்ஜ் ஆகும்போது லேசான வெதுவெதுப்பு இயல்பு. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டிலோ, பைக் சீட்டுக்கு அடியிலோ இருந்த கேஸை வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போட்டால், ஏறாமல் நிற்கலாம். சுமார் 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியை ஏற்றுவது ஆபத்து என்பதால் உள்ளே உள்ள வெப்ப உணரி தடுத்துவிடும். நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோர்க்கும்.

கையைச் சுடும் சூடு, இனிப்பான ரசாயன வாடை, ஓட்டின் இணைப்பு விரிசல் விடுவது, மூடி திடீரென்று சரியாகப் பொருந்தாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி உப்பியிருக்கலாம். அமுக்கிப் பார்ப்பதோ குத்துவதோ கூடாது. மெத்தை, தலையணைக்கு அருகில் இல்லாமல் டைல்ஸ் தரையிலோ மண் தட்டிலோ வையுங்கள். வாரண்டி இருந்தால் பில்லோடு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். ப்ளூடூத் சோதனையிலும் 20 நிமிடச் சோதனையிலும் நீங்கள் கண்டதை அங்கே சொன்னால் 'சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்க' என்று திருப்பி அனுப்புவது குறையும். வாரண்டி முடிந்திருந்தால் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய மின்கழிவு விதிகள் பழைய கருவிகளின் மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. பல பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் இதற்கான பெட்டி இருக்கும். வீட்டுக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குப்பை லாரி அமுக்கும்போது உடையும் லித்தியம் பேட்டரி தீப்பற்றும், அந்த லாரியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.